காணாமல் போன பயணியும் சந்தேகத்துக்கு ஆளான துணையும்: ஃபால்கோனியோ வழக்கு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2001ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தில் பீட்டர் ஃபால்கோனியோ என்னும் ஆங்கிலேயப் பயணி காணாமல் போனார். அவருடன் பயணம் செய்த காதலி ஜோஆன் லீஸ் உயிர் தப்பினார். தப்பியவர் சொன்னதை நம்பலாமா என்ற கேள்வி, காணாமல் போனவர் எங்கே என்ற கேள்வியைவிட நெடுங்காலம் உரக்க ஒலித்தது. நீதிமன்றம் குற்றவாளியைத் தீர்மானித்து இருபது ஆண்டுகள் கடந்த பிறகும் இவ்வழக்கைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்க முயல்கிறேன்.

அன்றிரவு என்ன நடந்தது?

இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரைச் சேர்ந்த ஜோஆனும், அதன் அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்த பீட்டரும் 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஆசிய நாடுகள் வழியாக நீண்ட பயணம் புறப்பட்டு, 2001 ஜனவரியில் சிட்னி சென்றடைந்தனர். அங்கே சில மாதங்கள் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, ஆரஞ்சு நிறக் கோம்பி வேன் ஒன்றை வாங்கி, ஜூன் இறுதியில் நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினர். ஜூலை 14ஆம் தேதி ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் நடந்த ஒட்டகப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் சென்றனர். வழியில் டீ ட்ரீ என்னும் இடத்தில் நின்று சூரியன் மறைவதைக் கண்டனர்.

பாரோ கிரீக் என்னும் சிற்றூரைத் தாண்டிப் பத்துக் கிலோமீட்டர் அளவில் சென்றபோது, பின்னால் வந்த வாகனம் ஒன்று இணையாக ஓடியது. அதன் ஓட்டுநர், வேனின் சைலன்சரில் ஏதோ கோளாறு இருப்பதாகச் சைகை காட்டினார். பீட்டர் வேனை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் சென்றார். எஞ்சினை முடுக்குமாறு அவர் கேட்டுக்கொண்டதால் ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்த ஜோஆன், வெடிச்சத்தம் ஒன்றைக் கேட்டார். அடுத்த கணம் துப்பாக்கியோடு அந்த மனிதர் சன்னலருகே நின்றார். ஜோஆனின் கைகளைப் பிளாஸ்டிக் கேபிள் டைகளாலும் ஒட்டு நாடாவாலும் முன்கூட்டியே செய்து வைத்திருந்த விலங்கால் பின்புறமாகக் கட்டித் தன் வாகனத்தில் ஏற்றினார். அதிலிருந்து நழுவிப் புதர்க்காட்டுக்குள் ஓடிய ஜோஆன், அவர் டார்ச் விளக்கோடு தேடியலைந்ததைப் பார்த்தபடி ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பதுங்கியிருந்தார். நள்ளிரவுக்குப் பிறகு அவ்வழியே வந்த நெடுஞ்சரக்கு லாரியின் முன் ஓடி நின்று உதவி பெற்றார். பீட்டரை அதன்பின் அவர் காணவில்லை. வேறு எவரும் அவரைக் கண்டதாக நிறுவப்படவும் இல்லை. அப்போது பீட்டருக்கு 28 வயது, ஜோஆனுக்கு 27 வயது.

சந்தேகம் ஏன் ஜோஆன் பக்கம் திரும்பியது?

சந்தேகம் ஒரே நாளில் எழவில்லை. முதல் சில நாட்கள் அவர் வியக்கத்தக்க முறையில் உயிர் தப்பியவராகவே செய்திகளில் இடம்பெற்றார். உலகின் பல பகுதிகளிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வந்து குவிந்த செய்தியாளர்கள் அவருடைய பேட்டிக்காகக் காத்திருந்தனர். அவரோ பேச விரும்பவில்லை. பிறகு காவல்துறை ஏற்பாடு செய்த சந்திப்பில் அவர் சுருக்கமாகவே பேசினார். எழுத்தில் தரப்பட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு மட்டுமே விடையளித்தார். அன்று அவர் அணிந்திருந்த டி-சட்டையில் குறும்புக்காரக் குரங்கு என்று பொருள்படும் விளையாட்டான சொற்கள் அச்சிடப்பட்டிருந்தன. துயரத்தில் இருப்பவர் இப்படியா உடுத்துவார், ஏன் கண்ணீர் வரவில்லை, ஏன் முகம் இறுகியிருக்கிறது என்றெல்லாம் பத்திகள் எழுதப்பட்டன. வெளிநாட்டில், கையில் சில துணிகளோடு மட்டும் பயணம் செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் உடையிலிருந்து அவருடைய மனத்தைப் படித்துவிடலாம் என்று எழுதியவர்கள் நம்பியதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

2002ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கு அவர் ஊதியம் பெற்றுக்கொண்டு பேட்டியளித்தபோது நிலைமை மேலும் மோசமாயிற்று. பேசாதபோது எதையோ மறைக்கிறார் என்றவர்கள், பேசியபோது துயரத்தை விற்கிறார் என்றனர். இதற்கிடையே காவல்துறை அவரைச் சந்தேக நபராகக் கருதவில்லை என்று பொதுவில் அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பையும் பலர், வெளியில் சொல்ல முடியாத ஏதோ ஒன்றை மறைப்பதற்கான உத்தியாக வாசித்தனர். சந்தேகம் ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் அதை மறுக்கும் செய்தியும் அதற்கே உரமாகிவிடுகிறது.

முகத்தையும் நடத்தையையும் பார்த்துப் பொய்யரைக் கண்டுபிடிக்க முடியாதா?

பெரும்பாலும் முடியாது. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்னும் இரு உளவியலாளர்கள் 2006ஆம் ஆண்டில், இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். பொய்யையும் மெய்யையும் பிரித்தறிவதில் மனிதர்களின் சராசரித் துல்லியம் 54 விழுக்காடு என்று அவர்கள் கண்டனர். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட இது சற்றே மேலானது. கடும் அச்சத்துக்கு ஆளானவர் அழலாம், மரத்துப்போகலாம், தேவையற்ற இடத்தில் சிரிக்கவும் செய்யலாம். இதில் எதுவும் குற்றத்தின் அடையாளமாகாது, அதே அளவுக்குக் குற்றமின்மையின் அடையாளமும் ஆகாது. இதை இரு பக்கமும் பொருத்திப் பார்க்க வேண்டும்: கேமரா முன் கதறியழுது உதவி கேட்டவர்களே பின்னர்க் கொலையாளிகளாக நிறுவப்பட்ட வழக்குகளும் உண்டு.

காணாமல் போனவரின் துணையைக் காவல்துறை விசாரிப்பது முறையானதுதானே?

முற்றிலும் முறையானது. பெண்கள் கொல்லப்படும் வழக்குகளில் பெரும் பகுதியில் குற்றவாளி இந்நாள் அல்லது முன்னாள் துணையாகவோ குடும்பத்தினராகவோ இருப்பதை உலகெங்கும் காண்கிறோம். காணாமல் போனவரைக் கடைசியாகப் பார்த்தவரிடமிருந்தே எந்த விசாரணையும் தொடங்கியாக வேண்டும். ஜோஆனையும் காவல்துறை நீண்ட நேரம், கடுமையான முறையில் விசாரித்தது. அவருடைய உடை ஆய்வுக்கூடத்துக்குச் சென்றது. வேன் பிரித்து ஆராயப்பட்டது.

அந்த விசாரணைக்கும் பொதுவெளியின் ஊகத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. விசாரணை அதிகாரி தன் சந்தேகத்தை ஒரு பொருளோடு ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டியவர். சோதனையில் சந்தேகம் தோற்றால் அதைக் கைவிட வேண்டியவர். அதற்கு அவர் மேலதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் பதில் சொல்லவும் வேண்டும். ஊகம் செய்பவருக்கு இந்தக் கட்டாயங்களில் ஒன்றுகூட இல்லை. ஜோஆனின் டி-சட்டையில் காவல்துறை தேடியது இரத்தக் கறையை. பத்திரிகைகள் அவருடைய இன்னொரு டி-சட்டையில் அச்சிட்டிருந்த சொற்களைப் படித்துக்கொண்டிருந்தன.

இதை ஏன் எல்லோரும் லிண்டி சேம்பர்லேன் வழக்கோடு ஒப்பிடுகிறார்கள்?

அதே வட ஆட்புலம், அதன் தலைநகர் டார்வினில் உள்ள அதே உச்ச நீதிமன்றம், தன் கண்ணெதிரே நடந்ததைச் சொன்ன ஒரு பெண்ணை நம்ப மறுத்த அதே பொதுமனம். 1980 ஆகஸ்ட் 17ஆம் தேதி இரவு, உலுரு பாறையின் அருகே முகாமிட்டிருந்த சேம்பர்லேன் குடும்பத்தின் கைக்குழந்தை அசாரியா காணாமல் போனது. டிங்கோ எனப்படும் காட்டு நாய் குழந்தையைத் தூக்கிச் சென்றதாகத் தாய் லிண்டி கூறினார். முதல் மரண விசாரணை அதை ஏற்றுக்கொண்டது. பொதுமக்களில் பெரும் பகுதியினர் ஏற்கவில்லை. அவர் போதிய அளவு அழவில்லை என்றனர். அவர் சார்ந்திருந்த கிறித்தவச் சபையைப் பற்றி அருவருப்பான வதந்திகள் பரவின. அசாரியா என்ற பெயருக்குப் பலி என்று பொருள் என ஆதாரமற்ற கதை கட்டப்பட்டது.

1982இல் லிண்டிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுடைய காரில் குழந்தையின் இரத்தம் இருந்ததாக அரசுத் தரப்பு நிபுணர் சாட்சியம் அளித்திருந்தார். இரத்தம் எனப்பட்ட அந்தக் கறை, காரில் ஓசையைத் தடுக்கப் பூசப்படும் வேதிப்பொருள் என்பது பின்னர் தெரியவந்தது. 1986இல் உலுருவில் தவறி விழுந்து இறந்த வேறொரு பயணியைத் தேடிய இடத்தில், டிங்கோக்கள் வாழும் பகுதியின் அருகே, அசாரியாவின் மேலங்கி கிடைத்தது. அப்படி ஓர் அங்கி குழந்தையின் மீது இருந்ததாக லிண்டி தொடக்கம் முதல் சொல்லிவந்ததை அரசுத் தரப்பு நம்பவில்லை. அவர் விடுதலையானார். 1988இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. 2012 ஜூன் 12ஆம் தேதி, சம்பவம் நடந்து ஏறத்தாழ 32 ஆண்டுகளுக்குப் பிறகு, குழந்தையின் இறப்புக்கு டிங்கோவே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி அதிகாரபூர்வமாக அறிவித்தார்.

ஜோஆனின் வழக்கு தொடங்கியபோது இந்தக் கதை ஆஸ்திரேலியர் அனைவருக்கும் தெரிந்திருந்தது. இவ்வளவு தெரிந்திருந்தும் அதே அளவுகோல் இரண்டாம் முறை கையில் எடுக்கப்பட்டது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ஒரு வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது: லிண்டியை நீதிமன்றமே தண்டித்தது, ஜோஆன் மீது எந்தக் குற்றச்சாட்டும் எப்போதும் பதிவாகவில்லை.

அவர் சொன்னதில் முரண்பாடுகள் இருந்தனவே, அவற்றுக்கு என்ன விடை?

இருந்தன. அவற்றை மூடி மறைப்பது வழக்கைப் புரிந்துகொள்ள உதவாது.

பின்புறம் கட்டப்பட்ட கைகளை முன்புறம் கொண்டுவந்ததாக அவர் கூறியது நடக்காத காரியம் என்று பலர் எழுதினர். அவர் நீதிமன்றத்திலேயே, கட்டிய கைகளைக் கால்களுக்குக் கீழாக நழுவவிட்டு முன்னால் கொண்டுவருவதைச் செய்து காட்டினார். அந்தக் கேள்வி அத்தோடு தீர்ந்தது.

தாக்கியவரின் வாகனத்தில் முன் இருக்கையிலிருந்து பின்பகுதிக்கு உள்வழியாகவே சென்றதாக அவர் முதலில் சொன்னது கடினமான முரண்பாடு. அவ்வகை வாகனங்களில் பொதுவாக அப்படி வழி இருப்பதில்லை. எப்படிப் பின்பகுதிக்குப் போனேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அவர் பிறகு கூறினார். தாக்கியவரோடு வந்த நாயின் இனத்தைப் பற்றியும், அந்த மனிதரின் தலைமுடியைப் பற்றியும் அவர் தந்த விவரங்கள் பின்னர்க் கைதானவரோடு முழுமையாகப் பொருந்தவில்லை. புதர்க்காட்டில் ஜோஆனின் காலடித் தடம் தெரிந்ததே தவிர, அவரைத் தேடியவரின் தடம் கிடைக்கவில்லை என்பதும் பெரிதாகப் பேசப்பட்டது.

இருட்டில், துப்பாக்கி முனையில், முகத்தில் அடிபட்டு, சில நிமிடங்களில் நிகழ்ந்து முடிந்த ஒன்றை எவரும் புகைப்படம் போல் நினைவில் வைத்திருப்பதில்லை. துப்பாக்கியைக் காணும் கண் அதையே பற்றிக்கொண்டு சுற்றியுள்ளவற்றைத் தவறவிடும் என்பது சாட்சிகளின் நினைவைப் பற்றிய ஆராய்ச்சியில் நன்கு அறியப்பட்ட உண்மை. முன்கூட்டியே கட்டி வைத்த பொய்யில் இத்தகைய ஓட்டைகள் குறைவாகவே இருக்கும் என்று சிலர் வாதிடுவதுண்டு. அந்த வாதத்தையும் நான் முழுமையாக ஏற்கவில்லை. முரண்பாடு இருப்பது உண்மைக்கும் சான்றாகாது. வாக்குமூலத்தைச் சாராத பொருட்சான்றுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பதே வழி.

ஜோஆனுக்கு வேறொருவருடன் உறவு இருந்தது உண்மையா?

சிட்னியில் தங்கியிருந்தபோது சிறிது காலம் அப்படி ஓர் உறவு இருந்ததை அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அது பீட்டருக்கு இழைத்த வஞ்சனை என்று ஒருவர் கருதலாம். நெடுஞ்சாலையில் கிடந்த பீட்டரின் இரத்தத்துக்கும், ஜோஆனின் சட்டையில் இருந்த அந்நிய ஆணின் இரத்தத்துக்கும் அந்த உறவு எவ்விதத்திலும் விளக்கமாகாது.

பிராட்லி மர்டாக் மீது என்ன ஆதாரம் இருந்தது?

பிராட்லி ஜான் மர்டாக், மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் நகரில் வாழ்ந்த மெக்கானிக். தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் புரூமுக்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் கஞ்சா கடத்திவந்தவர். 2002 ஆகஸ்டில் தெற்கு ஆஸ்திரேலியாவில் வேறொரு வழக்கில் கைது செய்யப்பட்டு, அதில் 2003இல் விடுவிக்கப்பட்டவுடன் ஃபால்கோனியோ வழக்குக்காக வட ஆட்புலத்துக்குக் கொண்டுவரப்பட்டார்.

2005 அக்டோபர் 17ஆம் தேதி தலைமை நீதிபதி பிரையன் மார்ட்டின் முன்னிலையில் டார்வினில் விசாரணை தொடங்கியது. ஜோஆனின் சட்டையின் பின்புறம் இருந்த சிறு இரத்தக் கறையின் டி.என்.ஏ. மர்டாக்கின் டி.என்.ஏ.வோடு பொருந்தியது. அது அவருடையதாக இருப்பதற்கான வாய்ப்பு, தொடர்பற்ற வேறொருவருடையதாக இருப்பதைவிடக் கற்பனைக்கு எட்டாத மடங்கு அதிகம் என்று நிபுணர் கூறினார். கோம்பி வேனின் கியர் கம்பியிலும், கைவிலங்காகப் பயன்பட்ட கேபிள் டைகளின் ஒட்டு நாடாவிலும் அவருடைய டி.என்.ஏ. கிடைத்ததாக அரசுத் தரப்பு நிறுவியது. சம்பவ இரவில், நள்ளிரவைக் கடந்து, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் லாரி நிலையத்தின் கண்காணிப்புக் கேமராவில் பதிவான மனிதரும் வாகனமும் மர்டாக்கும் அவருடைய லேண்ட் குரூசருமே என்று அவரை நன்கு அறிந்தவர்கள் அடையாளம் காட்டினர். சம்பவத்துக்குப் பிறகு அவர் தன் தோற்றத்தையும் வாகனத்தையும் மாற்றிக்கொண்டதாகவும் சாட்சியம் வந்தது.

மர்டாக் தாமே சாட்சிக் கூண்டில் ஏறி மறுத்தார். அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருந்ததை ஒப்புக்கொண்டார், அங்கிருந்து தனாமி பாலைவனப் பாதை வழியாகப் புரூமுக்குச் சென்றுவிட்டதாகக் கூறினார். ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் கோழி உணவகம் ஒன்றுக்கு அன்று மர்டாக்கும் சென்றிருந்தார், பயணிகள் இருவரும் சென்றிருந்தனர். சட்டையில் இரத்தம் அங்கே தற்செயலாகப் பட்டிருக்கலாம் என்று அவருடைய வழக்கறிஞர்கள் வாதிட்டனர். ஒரே இரவில் இத்தனை தற்செயல்களா என்று ஜூரிகள் எடைபோட்டிருக்க வேண்டும். எண்பதுக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்ட பிறகு, டிசம்பர் 13ஆம் தேதி ஒருமனதாகக் குற்றவாளி என்று அறிவித்தனர். ஆயுள் தண்டனை விதித்த நீதிபதி, 28 ஆண்டுகள் கழியும் வரை பரோல் கேட்க முடியாது என்று ஆணையிட்டார். 2007இல் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. அதே ஆண்டு, நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் மேலும் முறையிட அனுமதி மறுத்தது.

அந்த டி.என்.ஏ. சோதனையே கேள்விக்குரியது என்கிறார்களே?

இது நியாயமான கேள்வி. ஓரளவு உண்மையும் இதில் உண்டு. கேபிள் டைகளிலும் வேனிலும் கிடைத்த மிகச் சிறிய மாதிரிகளுக்குக் குறைநகல் முறை எனப்படும் நுண்சோதனை பயன்படுத்தப்பட்டது. 2007 டிசம்பரில் வட அயர்லாந்தின் ஓமா குண்டுவெடிப்பு வழக்கில் நீதிபதி அம்முறையின் நம்பகத்தன்மையைக் கடுமையாக விமர்சித்துக் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தார். அதற்குப் பிறகு பல நாடுகளில் அம்முறை மறு ஆய்வுக்கு உள்ளானது. ஆகவே அந்த இரு மாதிரிகளின் கனத்தைக் குறைத்து மதிப்பிட விரும்புபவரோடு நான் சண்டையிட மாட்டேன். சட்டையில் இருந்த இரத்தக் கறைக்கு அந்த நுண்முறை தேவைப்படவில்லை. வழக்கமான சோதனையிலேயே அது முழுமையாகப் பொருந்தியது. வழக்கின் முதுகெலும்பு அந்தக் கறைதான்.

உடல் கிடைக்காமல் ஒருவரைக் கொலைக் குற்றவாளியாக அறிவிக்க முடியுமா?

முடியும். ஆஸ்திரேலியச் சட்டத்தில் கொலையை நிறுவ உடல் கட்டாயமில்லை. ஐயத்துக்கு இடமின்றி ஒருவர் இறந்துவிட்டார் என்பதையும், அவரைக் குற்றம் சாட்டப்பட்டவர் கொன்றார் என்பதையும் மற்றச் சான்றுகளால் நிறுவினால் போதும். சாலையோரத்தில் மண் போட்டு மூடப்பட்டிருந்த இரத்தம் பீட்டருடையது. தன் பெற்றோருடன் தொடர்ந்து பேசிவந்த அவர் அந்த இரவுக்குப் பின் எவரையும் அழைக்கவில்லை.

எனினும் அவர் உயிரோடு இருப்பதாக ஒரு கதை உலவியது. சம்பவத்துக்கு ஒரு வாரத்துக்குப் பின் நியூ சௌத் வேல்ஸின் பர்க் நகரில் எரிபொருள் நிலையம் நடத்திய தம்பதியர் அவரைப் பார்த்ததாகச் சாட்சியம் சொன்னதே அதற்கு அடிப்படை. ஜூரிகள் அதையும் கேட்டே முடிவெடுத்தனர். நாளிதழில் பல முறை படம் வந்த ஒரு முகத்தை நேரில் கண்டதாக நல்லெண்ணத்தோடு நம்புகிறவர்கள் காணாமல் போனவர் வழக்குகள் அனைத்திலும் இருப்பார்கள்.

பொதுவெளியின் பேச்சு வழக்கையே பாதித்ததா?

பாதித்தது. அதன் தெளிவான உதாரணம், படத்தைப் பார்த்து அடையாளம் காட்டியது. காவல்துறை ஜோஆனிடம் படத்தொகுப்பைக் காட்டி அடையாளம் காணச் சொல்வதற்கு முன்பே, 2002 அக்டோபரில், மர்டாக்கின் படம் செய்தித்தளம் ஒன்றில் வெளியாகி ஜோஆனின் கண்ணில் பட்டுவிட்டது. பிறகு தொகுப்பில் அவர் மர்டாக்கைச் சுட்டியபோது, அவர் நினைவிலிருந்து சொன்னாரா செய்திப் படத்திலிருந்து சொன்னாரா என்று எதிர்த்தரப்பு கேட்டது. மேல்முறையீட்டிலும் அதுவே முக்கிய வாதமாயிற்று. நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. டி.என்.ஏ. இல்லாமல் அடையாளம் காட்டுதலை மட்டும் நம்பியிருந்த வழக்காக இருந்திருந்தால், ஒரு படத்தை அவசரப்பட்டு வெளியிட்டதே கொலையாளியை விடுவித்திருக்கக்கூடும்.

கேபி பெட்டிட்டோ விஷயத்தில் மக்கள் சந்தேகித்தது சரியாகத்தானே இருந்தது?

ஆம். 2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெள்ளை நிற வேனில் சுற்றுலா சென்ற கேபி பெட்டிட்டோ என்னும் 22 வயதுப் பெண் காணாமல் போனார். அவருடைய காதலர் பிரையன் லாண்ட்ரி தனியாக ஃபுளோரிடாவுக்கு வீடு திரும்பி, பேச மறுத்து, பிறகு தலைமறைவானார். செப்டம்பர் 19ஆம் தேதி வயோமிங் மாநிலக் காட்டில் கேபியின் உடல் கிடைத்தது. அவர் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்திருந்தார். அக்டோபரில் லாண்ட்ரியின் எச்சங்களும், கொலைப் பொறுப்பை அவர் ஏற்று எழுதிய குறிப்பேடும் கிடைத்தன.

இங்கே பொதுமக்களின் கவனம் உண்மையான உதவி செய்தது. அதே பகுதியில் பயணம் செய்த குடும்பம் ஒன்று தங்கள் வாகனத்தின் கேமராப் பதிவில் அந்த வேன் நிற்பதைக் கண்டு தெரிவித்தது. அது தேடும் இடத்தைச் சுருக்கியது. அவர்கள் செய்தது ஊகம் அன்று. தங்களிடம் இருந்த பதிவை உரியவரிடம் சேர்த்தார்கள். அதே வாரங்களில் ஊகத்தின் விளைச்சலும் குறைவில்லை. லாண்ட்ரியின் பெற்றோர் அவரை வீட்டுத் தோட்டத்தின் செடிப் பாத்திக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பதாகக் காணொளிகள் பரவின. அவரைப் போலத் தோற்றமளித்த ஒரு மலையேறியை, வந்த தகவலை நம்பி ஆயுதம் தாங்கிய அதிகாரிகள் விடுதி அறையில் மடக்கினர். யார் செய்தார் என்பதில் கூட்டத்தின் முடிவு சரியாக இருந்தது. அந்த முடிவுக்கு அவர்கள் வந்த வழி ஜோஆனைக் குற்றவாளியாக்கிய அதே வழிதான்.

இவ்வழக்கில் உண்மையாகவே கேட்க வேண்டியிருந்த கேள்வி வேறு. ஆகஸ்ட் 12ஆம் தேதி யூட்டா மாநிலத்தின் மோவாப் நகரில் காவலர்கள் அந்த இணையரை நிறுத்தி விசாரித்து, அழுதுகொண்டிருந்த கேபியையே தாக்கியவராக வகைப்படுத்தி, ஓரிரவு மட்டும் பிரித்து அனுப்பினர். காவலர்கள் பல தவறுகள் செய்ததாகப் பின்னர் நடந்த சுதந்திரமான மறு ஆய்வு கூறியது.

எல்லாக் காணாமல் போனவர்களுக்கும் இத்தகைய கவனம் கிடைக்கிறதா?

கிடைப்பதில்லை. கேபியின் உடல் கிடைத்த அதே வயோமிங் மாநிலத்தில் 2011 முதல் 2020 வரை 710 பூர்வகுடி மக்கள் காணாமல் போனதாகப் பதிவானது என்று 2021 ஜனவரியில் வெளியான அறிக்கை ஒன்று தெரிவித்தது. அவர்களில் எத்தனை பேரின் பெயர் உலகுக்குத் தெரியும்? பீட்டர் மறைந்த வட ஆட்புலத்திலும் இதே நிலைதான். அங்கே பூர்வகுடிப் பெண்கள் துணைவர்களால் கொல்லப்படுவது நெடுங்காலத் துயரம். காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்கள், குழந்தைகள் குறித்து ஆஸ்திரேலிய நாடாளுமன்ற மேலவைக் குழு 2024இல்தான் தன் அறிக்கையை வெளியிட்டது. ஜோஆனின் சட்டையைப் பற்றி எழுதப்பட்ட பத்திகளில் ஒரு பகுதியாவது அந்தப் பெண்களைப் பற்றி எழுதப்பட்டிருந்தால் எவ்வளவோ பயன்பட்டிருக்கும்.

அப்படியானால் இத்தகைய வழக்குகளைப் பற்றிப் பேசவே கூடாதா?

பேசலாம், பேசவும் வேண்டும். லிண்டி விடுதலையானதில், தீர்ப்பை ஏற்காமல் அறிவியல் சான்றுகளைத் தோண்டித் துருவிய சாதாரணக் குடிமக்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் பெரிய பங்குண்டு. அவர்கள் கேட்டது காரில் இருந்த கறை என்ன என்பதை. ஒருவரின் அழுகையை அளந்துகொண்டிருப்பதற்கும் அந்தக் கேள்விக்கும் உள்ள தூரத்தைக் கவனித்தால், எந்தப் பேச்சு உதவும், எது காயப்படுத்தும் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

வழக்கு இன்று எந்த நிலையில் உள்ளது?

மர்டாக் கடைசி வரை குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. உடல் இருக்கும் இடத்தைச் சொல்லாத கொலைக் குற்றவாளிகளுக்குப் பரோல் மறுக்கும் சட்டத்தை வட ஆட்புலம் 2016இல் இயற்றியது. அதுவும் அவரைப் பேசவைக்கவில்லை. தொண்டைப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த அவர், பீட்டர் கொல்லப்பட்டு 24 ஆண்டுகள் நிறைந்த மறுநாள், 2025 ஜூலை 15ஆம் தேதி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 67ஆம் வயதில் இறந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, பீட்டரின் எச்சங்களைக் கண்டறிய உதவும் தகவலுக்கு ஐந்து லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை பரிசு தருவதாக வட ஆட்புலக் காவல்துறை அறிவித்திருந்தது. மர்டாக் வாழ்நாளில் எவரிடமேனும் ஏதேனும் சொல்லியிருக்கக்கூடும் என்பதே விசாரணையாளர்களின் எஞ்சிய நம்பிக்கை. அத்தகைய தகவல் உடையவர்கள் அதைக் காவல்துறையிடம் தெரிவிக்குமாறு அவர்கள் கேட்டுக்கொண்டுள்ளனர்.